காலாவதிக் கொடி

பெங்குவின் கடையில் ஜெராக்ஸ் எடுக்க வருகிறவர்கள் காலை ஒன்பதரைக்கு முன்னால் வருவதில்லை. வந்தால் நிற்க வேண்டியதுதான். "ஒரு நிமிஷம், அப்டேட் ஓடுது" என்பான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்த ஒரு நிமிஷம் இருபது நிமிஷம் ஆகும். கடையில் ஐந்து கம்ப்யூட்டர், ஐந்திலும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ், ஐந்தையும் தினம் காலையில் புதுப்பித்த பிறகுதான் முதல் காகிதம் வெளியே வரும். குளிக்காமல் கடைக்கு வந்த நாள் உண்டு, அப்டேட் போடாமல் வியாபாரம் தொடங்கிய நாள் கிடையாது. லினக்ஸின் சின்னமான பெங்குவின் படத்தைச் சுவரில் பெரிதாக ஒட்டி வைத்திருந்தான். அதைப் பார்த்து யாரோ ஒரு வாடிக்கையாளர் வைத்த பெயர். நடையும் கொஞ்சம் அப்படியே இருந்ததால் நிலைத்துவிட்டது.

வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் வீட்டு மாடி அறையில் குடியிருந்தான், சாப்பாடு கீழே அண்ணி கையால். அண்ணன் ஒரு துணித் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். நூறு அடுக்குத் துணியை ஒரே கோட்டில் வெட்டுகிற கை அவருக்கு. வாய்க்குத்தான் வேலையே கொடுக்க மாட்டார். கேட்ட கேள்விக்குப் பதில் உண்டு, அதுவும் தலையாட்டினால் போதும் என்றால் தலையாட்டல்தான். போனை எடுத்தால் 'ம்' என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார். வாய்ஸ் மெசேஜ் என்று ஒன்று அனுப்பியதே இல்லை, எந்த வீடியோவிலும் வாயைத் திறந்ததில்லை. அவர் குரல் எங்கேயும் பதிவாகவில்லை என்பது, அது தேவைப்பட்ட அன்றுதான் வீட்டுக்கு உறைத்தது.

தொண்டையில் கட்டி. மூன்று மாதமாகக் கரகரப்பு என்று வெந்நீர் குடித்துக்கொண்டிருந்த மனுஷனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனது அண்ணிதான். டாக்டர் நல்லவர், சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையை முழுசாக எடுத்தாக வேண்டும், பதினெட்டு நாளில் ஆபரேஷன், உயிர் தங்கும், குரல் தங்காது என்றார்.

"ஏற்கெனவே நாளைக்கு நாலு வார்த்தைதான் பேசுவாரு டாக்டர். அதையும் எடுத்துக்கணுமா?" என்றாள் அண்ணி. சிரிப்பதுபோலத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

பெங்குவினுக்கு அழத் தெரியாது. தேடத் தெரியும். அன்று சாயங்காலமே தேட உட்கார்ந்துவிட்டான். ஒருவர் சில நூறு வாக்கியங்களை வாசித்துக் கொடுத்தால், அவர் குரலையே கட்டித் தருகிற மென்பொருள் ஒன்று இருந்தது. அதன் பிறகு எதைத் தட்டச்சு செய்தாலும் அந்த ஆள் பேசுவதுபோலவே பேசும். காசு கிடையாது. யாரோ நாலு பேர் தங்கள் ஓய்வு நேரத்தில் செய்வது.

அவன் வைத்திருந்த லினக்ஸின் அதிகாரபூர்வ மென்பொருள் களஞ்சியத்தில் அது இல்லை. அங்கே இல்லாதது எல்லாம் சமூகக் களஞ்சியத்தில் கிடைக்கும். அதுவும் ஒரு கிடங்குதான், ஆனால் சம்பளக்காரர் ஒருவரும் கிடையாது. ஒரு மென்பொருளை எங்கிருந்து எடுத்து, எப்படிக் கட்டி, எங்கே வைக்க வேண்டும் என்று யாராவது ஒருவர் செய்முறைக் குறிப்பு எழுதி வைப்பார். அதைப் பார்த்துக்கொள்வதும் அவரே. மென்பொருளைச் செய்கிறவர்களின் மூலத்தில் புதுப் பதிப்பு வந்தால் குறிப்பையும் அவர்தான் திருத்த வேண்டும். திருத்தவில்லை என்றால், பக்கத்தில் இருக்கும் காலாவதிக் கொடியை யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். பதிப்பு எண் உடனே சிவப்பாகிவிடும். அந்தக் கொடியை அழுத்துவதில் பெங்குவினுக்கு ஒரு தனிச் சந்தோஷம். டிக்கெட் பரிசோதகருக்கு டிக்கெட் இல்லாத ஆள் மாட்டியது போல முகம் மலர்ந்துவிடும்.

குரல் மென்பொருளைப் பார்த்துக்கொண்டவர் 'பழைய சைக்கிள்' என்ற புனைபெயரில் இருந்தார். அவர் வைத்திருந்தது 2.4. மூலத்தில் 3.0 வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. எவனோ முந்திக்கொண்டு கொடியை அழுத்தியிருந்தான், எண் ஏற்கெனவே சிவப்பு.

"பேருக்கேத்த ஆளுதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே 2.4-ஐ நிறுவினான். அண்ணன் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டிருந்தது. முதலில் பதிவு நடக்கட்டும், புதுசு வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டான்.

கடையின் பின்னறையில் காலை ஆறு முதல் எட்டு வரை பதிவு. காலையில்தான் அண்ணனுக்குக் கொஞ்சமாவது குரல் வந்தது. சுவரெல்லாம் மெத்தை சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, கதவிடுக்கில் பழைய துண்டைச் செருகினார்கள். மூன்று பேருக்கும் வேர்த்துக் கொட்டும். நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியங்கள். தமிழின் எல்லா ஒலியும் வர வேண்டுமென்று யாரோ மெனக்கெட்டுத் தொகுத்தவை. அர்த்தத்தைப் பற்றி அந்தப் புண்ணியவான் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. 'ஏழு கழுதைகள் வாழைத்தோப்பில் வழுக்கி விழுந்தன.' 'உங்கள் மாமியார் எந்த நடைமேடையில் நிற்கிறார்?'

"எங்கம்மா போய்ச் சேர்ந்து பத்து வருஷம் ஆச்சு. நடைமேடையில எதுக்கு நிக்கப் போறாங்க?" என்று அண்ணி சிரித்தாள். அண்ணன் சிரிக்கவில்லை, கொடுத்த துணியை வெட்டுவதுபோலக் கொடுத்த வாக்கியத்தை வாசித்தார். இடையிடையே இருமல் வரும். அண்ணி டம்ளரை நீட்டி, "தண்ணி குடிங்க, மெதுவா" என்பாள். அவர் குடித்துவிட்டு அடுத்த கழுதைக்குப் போவார்.

"இருபத்தி ரெண்டு வருஷத்துல இவரு இவ்வளவு பேசி நான் கேட்டதே இல்ல தம்பி" என்றாள் ஒருநாள் கடைக் கதவைத் திறக்கும்போது. பொழுது எப்போது விடியும் என்று காத்திருக்கிறாள் என்பது அவள் தலை வாரி வந்ததிலேயே தெரிந்தது. பெங்குவினுக்கு அதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது.

நாற்பது வாக்கியம் ஆனதும் சோதனைக்கு ஒரு மாதிரிக் குரல் கட்டிப் பார்த்தான். "என்ன சொல்லணும், சொல்லுங்க அண்ணி" என்றான். அவள் கொஞ்சம் யோசித்து, "சாப்பிட்டியான்னு கேக்கச் சொல்லுங்க" என்றாள். தட்டினான். கம்ப்யூட்டர் கேட்டது. கரகரப்பும், வார்த்தையை முடிக்கும்போது மூச்சை உள்ளே இழுக்கிற பழக்கமும் அப்படியே இருந்தன. அண்ணி, "அவரேதான்" என்றாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு காதைச் சொறிந்தார்.

அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் பெங்குவின் காதுக்கு அது வாளிக்குள்ளிருந்து பேசுவதுபோல இருந்தது. 3.0-ன் அறிவிப்பில், குரல் இன்னும் இயல்பாக வரும், பழைய பதிவுகளையும் தானே சுத்தம் செய்துகொள்ளும் என்று போட்டிருந்தார்கள். புதுசு ஒன்று வந்திருக்கிறது, அது தன்னிடம் இல்லை என்பது அவனுக்குச் செருப்பில் கல் மாட்டியது போல. நடக்கலாம், ஆனால் நினைப்பெல்லாம் அங்கேதான் இருக்கும்.

களஞ்சியப் பக்கத்தில் கருத்து எழுதினான். '3.0 வந்து ஐந்து மாதம். எப்போது புதுப்பிப்பீர்கள்?' பதில் இல்லை. நான்கு நாள் கழித்து, 'யாராவது இருக்கிறீர்களா?' பதில் இல்லை. மறுநாள் கோபமாக, 'பார்த்துக்கொள்ள முடியாவிட்டால் விட்டுவிடுங்கள். செய்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.' அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. இரக்கம் கேட்டு எழுதுவது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். எழுதியிருந்தால் கதையே வேறு.

மூன்றாவது கருத்துக்குப் பதில் வந்தது. 'மன்னிக்கவும். காரணத்தைக் கீழே முன்பே எழுதியிருக்கிறேன்.' பெங்குவின் கீழே பார்த்தான். அவனுடைய கருத்துகள் இருந்தன, அவனைப் போலவே கத்திய வேறு சிலரின் கருத்துகள் இருந்தன. காரணம் என்று ஒன்றும் இல்லை. ஆள் கதை விடுகிறான் என்று முடிவு கட்டினான். பொறுப்பை வேறு ஆளிடம் மாற்றச் சொல்லி மனுப் போடலாம்தான். ஆனால் பார்த்துக்கொள்பவருக்கு இரண்டு வாரம் அவகாசம் கொடுப்பது அங்கே மரபு. ஆபரேஷனுக்கு ஐந்து நாள்தான் இருந்தது.

ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு நானூற்றுப் பன்னிரண்டாவது வாக்கியம் முடிந்தது. கடைசி ஐம்பதில் அண்ணனுக்குக் குரலே இல்லை, காகிதத்தைக் காகிதத்தில் தேய்ப்பதுபோல ஒரு சத்தம்தான். ஆனாலும் ஒரு வார்த்தையும் விடாமல் வாசித்தார். அண்ணி, "இதையே வெச்சுக் கட்டிடுங்க தம்பி, முன்ன கேட்டோமே, அதே நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

"முழுக் குரல் கட்ட ஏழு மணி நேரம் ஓடும் அண்ணி. எதுக்கு ரெண்டு தடவை? புதுசுலயே ஒரேயடியா கட்டிடறேன். அண்ணன் கண்ணு முழிச்சதும் பேசணும், அவ்வளவுதானே?"

"உங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் அண்ணி. அவனை முழுசாக நம்பித்தான் சொன்னாள்.

பழைய சைக்கிள் அதற்குள் புதுப்பித்துவிடுவார் என்று ஒரு நாள் காத்துப் பார்த்தான், நடக்கவில்லை. ஆபரேஷன் அன்று காலை ஆறு மணிக்கு இருவரையும் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு, நேராகக் கடைக்கு வந்தான். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்தான். பழைய சைக்கிளின் செய்முறைக் குறிப்பைத் திறந்தான். பதிப்பு எண் இருக்கும் வரியில் 2.4-ஐ அழித்து 3.0 என்று போட்டான். கோப்பு சரியானதுதானா என்று சோதிக்கும் எண்ணையும் மாற்றினான். இரண்டே வரி. களஞ்சியத்தில் புழங்குகிறவர்கள் எல்லாரும் செய்கிற கைவேலைதான் இது. மற்றவர்களுக்கெல்லாம் "முழுசா படிச்சுட்டுக் கட்டுங்க" என்று புத்தி சொல்கிறவன்தான், தன் முறைக்கு அந்த இரண்டு வரிக்கு மேல் பார்க்கவில்லை. ஒன்றரை மணி நேரத்தில் எந்தச் சிக்கலும் இல்லாமல் கட்டி முடிந்தது. 'இதுக்குத்தான் அஞ்சு மாசமா ஒரு மனுஷன் மூக்கால அழுதானா?' என்று நினைத்துக்கொண்டான். ரொம்ப நாளைக்குப் பிறகு விசில்கூட அடித்தான்.

3.0 எழுந்ததும் கேட்டது: பழைய பதிவுகள் உள்ளன. புதிய முறைக்கு மாற்றவா?

ஆம் என்றான். 'சுத்தம் செய்கிறது' என்று ஒரு பச்சைக் கோடு ஓடியது. நானூற்றுப் பன்னிரண்டையும் இருபது நிமிஷத்தில் முடித்தது. பழைய மாதிரிக் குரலை நீக்கியாயிற்று என்றது. பிறகு சிவப்பில் ஒரு வரி வந்தது: குரல் கட்டப் போதிய பேச்சு இல்லை.

பெங்குவின் முதல் கோப்பைப் போட்டுக் கேட்டான். இருமல். "தண்ணி குடிங்க, மெதுவா." நாற்காலி நகரும் சத்தம். முடிந்தது. பத்தாவதைப் போட்டான். வெளியே ஒரு லாரி ஹாரன், அண்ணியின் சிரிப்பு. நூறாவதில் பக்கம் புரளும் சத்தமும் இருமலும். முந்நூறுக்கு மேல் ஒவ்வொன்றும் ஒரு விநாடிகூட இல்லை. குடும்பப் படத்தில் ஒருத்தரை மட்டும் கத்தரித்து எடுத்துவிட்டது போல, சுற்றி இருந்த எல்லாம் இருந்தது, அண்ணன் இல்லை. அவருடைய மெலிந்த குரலை அது இரைச்சல் என்று நினைத்துத் துடைத்திருந்தது. இருமல் பலமாக இருந்ததால் அதைப் பேச்சு என்று வைத்துக்கொண்டது.

இன்னொரு ஹார்ட் டிஸ்க் வட்டைத் திறந்தான். பிரதி எடுத்து வைக்காத முட்டாள் இல்லை அவன். மணிக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் அப்படியே அந்த வட்டுக்கு நகலெடுக்க ஏற்பாடு செய்திருந்தான். அதுவும் சொன்ன சொல் தவறாமல் ஒன்பது மணிக்கு நகலெடுத்திருந்தது. அங்கேயும் நானூற்றுப் பன்னிரண்டு இருமல்.

களஞ்சியப் பக்கத்துக்கு ஓடினான். ஏதாவது வழி இருக்காதா என்று மேலும் கீழும் தேடினான். அடியில் பொடி எழுத்தில் 'எல்லாக் கருத்துகளையும் காட்டு' என்று இருந்தது. முதல் பக்கத்தில் பத்துக் கருத்துகள்தான் தெரியும். பதினொன்றாவது வந்தால் பத்தாவது உள்ளே போய்விடும். இது அவனுக்குத் தெரியாத விஷயமா? பத்து வருஷமாகத் தெரியும். அழுத்தினான்.

பழைய சைக்கிள் நான்கு மாதத்துக்கு முன்னால் எழுதியிருந்தார்: '3.0-க்கு இப்போது மாற்ற மாட்டேன். அதன் புதிய சுத்திகரிப்பு மெலிந்த குரலை இரைச்சல் என்று நீக்கிவிடுகிறது. மூலக் கோப்பின் மேலேயே எழுதிவிடுவதால் மீட்க வழியில்லை. இந்த மென்பொருளைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் குரல் போய்க்கொண்டிருப்பவர்கள். என் மனைவியின் பதிவுகள் இப்படித்தான் போயின. மூலத்தில் சரிசெய்யும் வரை 2.4-லேயே நிற்பேன், எத்தனை பேர் கொடியை அழுத்தினாலும்.'

தேதிகளைப் பார்த்தான். அவன் முதல் தடவை அந்தப் பக்கத்துக்கு வந்த அன்று இது பத்தாவதாக, கண்ணுக்குத் தெரியும்படி இருந்திருக்கிறது. அவனுடைய முதல் கருத்துதான் அதை உள்ளே தள்ளியிருக்கிறது.

மணி ஒன்பதே முக்கால். போனை எடுத்தான். ஒருவேளை தாமதமாகியிருக்கலாம். எந்த ஆஸ்பத்திரியில் எது நேரத்துக்கு நடந்திருக்கிறது? பத்து வாக்கியம், ஐந்து, ஒன்றே ஒன்று போதும், போனிலேயே பதிவு செய்துகொள்ளலாம்.

"அண்ணி, உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்களா?"

"எட்டரைக்கே போயாச்சு தம்பி. சொன்ன நேரத்துக்கு முன்னாடியே கூப்பிட்டுட்டாங்க. ஏன்?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

"போகும்போது ஏதாவது சொல்லுங்கன்னேன். எதுக்கு, அதான் தம்பிகிட்ட எல்லாம் இருக்கேன்னு சொல்லிட்டுப் போனாரு" என்றாள். குரலில் ஒரு பெருமை. "அந்த வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது அண்ணி" என்றான். போனை வைத்துவிட்டுத் தலையில் தலையில் அடித்துக்கொண்டான். அவனுக்கு அழ வராது என்று சொன்னது பொய்யாகிப் போனது. ஷட்டருக்கு வெளியே யாரோ, "அப்டேட் முடிஞ்சுதா பாஸ்? ரெண்டு பக்கம்தான்" என்று குரல் கொடுத்தார்கள்.

அடுத்த மூன்று நாளும் ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும் ஓடினான். அழிந்த கோப்புகளைத் தோண்டி எடுக்கும் நிரல்கள் எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்தான். அவற்றில் புதுப் பதிப்பு, பழைய பதிப்பு என்று பார்க்கவில்லை, கிடைத்ததை எல்லாம் ஓட்டினான். மூன்று வருஷத்துக்கு முன்னால் அழித்த யாருடைய பயோடேட்டாவோ முழுசாக வந்தது. ஒரு வீட்டு வாடகை ஒப்பந்தம் வந்தது. அண்ணன் வரவில்லை. பழைய சைக்கிளுக்கு எழுதினான், இந்தத் தடவை எல்லாவற்றையும் சொல்லி. ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: 'வழி இல்லை. நானும் தேடினேன்.' அதற்குக் கீழே வேறு எதுவும் இல்லை, திட்டக்கூட இல்லை.

நாலாம் நாள் அண்ணனை வார்டுக்கு மாற்றினார்கள். ஜன்னலோரக் கட்டில். கழுத்தைச் சுற்றிப் பெரிய கட்டு, நடுவில் மூச்சு விட ஒரு குழாய். மருந்து மயக்கம் முழுசாகத் தெளியாத கண். மடியில் எழுதிக் காட்ட ஒரு குறிப்பேடு. பெங்குவின் மடிக்கணினிப் பையோடு உள்ளே வந்ததைப் பார்த்ததும் அண்ணன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. நகர்ந்து படுத்து, கட்டிலில் பைக்கு இடம் விட்டார்.

"கொண்டாந்துட்டீங்களா? வாங்க, வாங்க. காலையில இருந்து வாசலையே பாக்கறாரு" என்றாள் அண்ணி.

பெங்குவின் பையைத் திறக்கவில்லை. வழியில் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் எல்லாம் எங்கேயோ போய்விட்டன. "அண்ணா, எல்லாம் போயிடுச்சு. நான்தான் அழிச்சேன். புதுசு புதுசுன்னு அலைஞ்சு நானே அழிச்சுட்டேன்" என்றான்.

அண்ணிக்கு முதலில் விளங்கவில்லை. "என்ன தம்பி போயிடுச்சு?"

சொன்னான். இருமலையும் அவள் பேச்சையும் வைத்துக்கொண்டு மீதியைத் துடைத்ததைச் சொன்னான். கீழே இருந்ததைப் படிக்காமல் விட்டதையும் மறைக்கவில்லை. அண்ணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்த பிறகு, ரொம்பச் சின்னக் குரலில், "முதல்ல போட்டுக் காட்டினீங்களே, சாப்பிட்டியான்னு கேட்டுச்சே, அது ஒண்ணாவது இருக்கா?" என்றாள்.

"இல்ல அண்ணி."

அவள் தலையை ஆட்டினாள், ஏதோ விலை கட்டுபடியாகாது என்று கடைக்காரர் சொன்னதைக் கேட்டுக்கொண்டதுபோல. பிறகு அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

அண்ணன் கட்டிலைத் தட்டிக் கூப்பிட்டார். தன்னை அறைவார் என்றுதான் பெங்குவின் நினைத்தான், அறைந்தால் தேவலை என்றும் நினைத்தான். அவர் அறையவில்லை. சின்ன வயதில் அவன் எதையாவது போட்டு உடைத்தால் பார்ப்பாரே, அந்தப் பார்வை. குறிப்பேட்டை எடுத்து, மயக்கத்தில் கோணிப் போன எழுத்தில் மெதுவாக எழுதினார். எழுதியதை அவன் பக்கம் திருப்பி, லேசாகச் சிரிக்கவும் செய்தார்.

'விடுடா, பரவால்ல. வீட்டுக்கு வந்ததும் மறுபடி முதல்லேருந்து படிச்சுத் தந்துடறேன்.'

பெங்குவின் படித்தான். அண்ணி எட்டிப் பார்த்துப் படித்தாள். ரெண்டு பேரும் குறிப்பேட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஏன் இப்படி இருக்கிறார்கள் என்று அண்ணன் ஒருவர் மாற்றி ஒருவராகப் பார்த்தார். என்னவென்று கேட்க வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, அதில் காற்றுகூட வரவில்லை. அப்புறம்தான் அவர் கை மெதுவாகக் கழுத்துக் கட்டைத் தொட்டுப் பார்த்தது.